ஹெட்ஜ் ட்ரிம்மர் மக்கர் செய்கிறதா? பழுது கண்டுபிடிப்பதிலிருந்து பராமரிப்பு வரை முழுமையான வழிகாட்டி

கோயம்புத்தூரில் ஒரு வளாகத்தின் தோட்டத்தைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொள்கிறேன். துரந்தா, செம்பருத்தி, இட்லிப்பூ, மருதாணி என்று சுற்றிலும் உயிர்வேலி. மழைக்காலம் முடிந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் தளதளவென்று கிளம்பிவிடும். அதை வெட்டும் மிஷின், அதாவது ஹெட்ஜ் ட்ரிம்மர், படுத்துவதும் பெரும்பாலும் அந்த வாரத்தில்தான். நான்கு மாதம் மூலையில் கிடந்ததை எடுத்து, கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை வலி கண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இத்தனை வருடத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று. மிஷின் கெடுவது வேலை செய்யும்போது அல்ல, எடுத்து வைக்கும்போது. டேங்கில் விட்ட பெட்ரோல், பிளேடில் காயவிட்ட பால், துடைக்காத தழை. பழுது என்று நாம் அழைப்பதில் முக்கால்வாசி இந்த மூன்றிலிருந்துதான் வருகிறது. அதனால் எதையும் கழற்றும் முன்பு எளிதானதை, செலவில்லாததை முதலில் பாருங்கள். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் கார்ப்பரேட்டர் கடைசி.

நம் ஊரில் அதிகம் புழங்குவது 22 முதல் 26 சிசி வரையிலான 2 ஸ்ட்ரோக் பெட்ரோல் மிஷின் என்பதால் அதைப் பற்றியே விரிவாக எழுதுகிறேன். கரண்டில் ஓடுவது, பேட்டரி மிஷின், கைக்கத்தரி பற்றிப் பின்னால் சுருக்கமாக வரும்.

கை வைக்கும் முன்

பெட்ரோல் மிஷின் என்றால் ஸ்விட்சை அணைத்து, இன்ஜினில் பொறி தரும் ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றி ஓரமாக ஒதுக்கி வையுங்கள். கரண்ட் மிஷினில் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். பேட்டரி மிஷினில் பேட்டரியை வெளியே எடுங்கள். பிளேடில் சிக்கிய குச்சியை எடுக்கும் ஒரு நொடி வேலைக்கும் இது பொருந்தும். சிக்கிய குச்சி விடுபடும்போது பிளேடு தானாக ஒரு பல் தூரம் நகரும். விரல் போக அது போதும். கனமான தோல் கையுறை இல்லாமல் பிளேடைத் தொடாதீர்கள்.

ஸ்டார்ட் ஆகவில்லை என்றால்

முதலில் ஸ்விட்ச் ஆன் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். வெட்டும்போது கிளை உரசி ஸ்விட்ச் நகர்ந்துவிடுவது சாதாரணமாக நடக்கும்.

அடுத்து பெட்ரோல். டேங்கில் இருப்பது எத்தனை நாள் பழசு? ஒரு மாதத்துக்கு மேல் என்றால் யோசிக்காமல் இறக்கிவிட்டுப் புதிது ஊற்றுங்கள். கெட்டுப்போன பெட்ரோலில் வார்னிஷ் போன்ற புளித்த வாடை வரும்.

இதில் இப்போது கூடுதலாக ஒரு சங்கதி இருக்கிறது. நம் பெட்ரோல் பங்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஓர் அளவைத் தாண்டியதும் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகச் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் போய் நிற்கும். பெட்ரோலை உறிஞ்சும் ஃபில்டர் கிடப்பதும் அதே அடியில்தான். நாம் கலந்த 2டி ஆயில் (2 ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான ஆயில்) மேலே உள்ள பெட்ரோலோடு தங்கிவிடும். அதாவது அடியிலிருந்து இன்ஜின் இழுப்பது ஆயில் இல்லாத தண்ணீர்க் கலவை. ஸ்டார்ட் ஆகாமல் போனால்கூடப் பரவாயில்லை. ஸ்டார்ட் ஆகி ஓடினால் பிஸ்டனுக்கே ஆபத்து. பழைய மிஷின்களில் ரப்பர் டியூப், கார்ப்பரேட்டர் சவ்வு போன்றவையும் இந்தப் பெட்ரோலில் சீக்கிரம் விறைத்துப்போகின்றன. இறக்கிய பழைய பெட்ரோலைச் செடியடியிலோ சாக்கடையிலோ கொட்டாதீர்கள். மூடியுள்ள கேனில் எடுத்துவைத்து, துருப்பிடித்த போல்ட் கழுவப் பயன்படுத்துங்கள்.

பெட்ரோல் புதிது என்றால் பிரைமர் பல்பை ஏழெட்டு முறை அமுக்குங்கள். அந்தச் சின்ன ரப்பர் குமிழ் நிறைய விஷயம் சொல்லும். அமுக்கியதும் உள்ளே போய் அப்படியே ஒட்டிக்கொண்டு மெதுவாகத்தான் எழும்புகிறது என்றால் டேங்கில் உள்ள ஃபில்டரோ அதன் டியூபோ அடைத்திருக்கிறது. அமுக்கவே முடியாமல் கல் போல இருந்தால் அடைப்பு கார்ப்பரேட்டர் பக்கம், அல்லது டேங்குக்குத் திரும்பும் டியூபில். எத்தனை முறை அமுக்கினாலும் காற்றுக்குமிழிகள் வந்துகொண்டே இருந்தால் பல்பிலோ டியூபிலோ வெடிப்பு. டேங்க் ஃபில்டரை ஒரு வளைத்த கம்பியால் டேங்கின் வாய் வழியே வெளியே இழுத்துப் பார்க்கலாம். பழுப்பேறியிருந்தால் மாற்றிவிடுங்கள். விலை மிகக் குறைவு. கழுவிப் போட்டுப் பிழைப்பு நடத்துவதில் பலனில்லை.

சரி, பெட்ரோல் வருகிறது. இப்போது பிளக்கைக் கழற்றுங்கள்.

முனை நனைந்திருந்தால் இன்ஜின் மூழ்கியிருக்கிறது, அதாவது ஓவர்ஃப்ளோ. சோக் போட்டபடியே பலமுறை இழுத்ததால் வந்தது. பிளக் வெளியிலேயே இருக்க, சோக்கை எடுத்துவிட்டு, ஸ்விட்ச் ஆஃபில் ஆக்சிலேட்டரை முழுவதும் அழுத்தி ஆறேழு முறை கயிற்றை இழுங்கள். உள்ளே தேங்கியது துவாரம் வழியே வெளியே தெறிக்கும், முகத்தைத் தள்ளி வையுங்கள். பிளக்கைத் துடைத்துக் காயவைத்து, மாட்டி, சோக் இல்லாமல் இழுத்தால் பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகிவிடும்.

முனை காய்ந்து கிடந்தால் பெட்ரோல் சிலிண்டருக்கு வரவில்லை. கருப்பாகப் பிசுபிசுவென்று இருந்தால் ஆயில் அதிகம், அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. காபிப் பொடி நிறம் இருந்தால் எல்லாம் நலம். வெள்ளையாகச் சுட்டதுபோல இருந்தால் கவனம்: இன்ஜினுக்குக் காற்று அதிகமாகவோ, பெட்ரோல் குறைவாகவோ போகிறது. அப்படியே ஓட்டினால் சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி பெரும்பாலான மிஷின்களில் 0.6 முதல் 0.7 மி.மீ. சிலவற்றில் 0.5 கேட்பார்கள், உங்கள் மிஷினோடு வந்த கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் வருகிறதா என்று பார்க்க, பிளக்கைத் தொப்பியில் மாட்டி, அதன் உலோக உடம்பு சிலிண்டரைத் தொடுமாறு பிடித்து, ஸ்விட்ச் ஆனில் கயிற்றை இழுங்கள். பிளக் துவாரத்திலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டும், பெட்ரோல் கேனும் அருகில் இருக்கக் கூடாது. நிழலில் வைத்துப் பார்த்தால் பளிச்சென்று நீலப்பொறி தெரியும். இல்லையென்றால் புதுப் பிளக் போட்டு மறுபடி பாருங்கள். அதிலும் இல்லையென்றால் ஸ்விட்சின் ஒயர் எங்காவது உராய்ந்து இன்ஜினைத் தொடுகிறதா என்று தேடுங்கள். அதுவும் சரியாக இருந்தால் பிளக்குக்குக் கரண்ட் தரும் இக்னிஷன் காயில் கெட்டுப்போயிருக்கும், மெக்கானிக்கிடம்தான் போகவேண்டும்.

கரண்டும் உண்டு, பெட்ரோலும் உண்டு, ஆனாலும் உயிர் வரவில்லை என்றால் கம்ப்ரெஷனை, அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தை, ஒரு முறை பார்த்துவிடுங்கள். பிளக்கைப் போட்டு இறுக்கி, பிளேடு உறை மாட்டி, ஸ்விட்சை அணைத்து, கயிற்றுப் பிடியைப் பிடித்து மிஷினைத் தொங்கவிடுங்கள். விட்டு விட்டு, தயங்கித் தயங்கி இறங்கினால் கம்ப்ரெஷன் இருக்கிறது. கிணற்று வாளிபோலச் சரசரவென்று இறங்கினால் பிஸ்டனோ ரிங்கோ தேய்ந்திருக்கிறது.

ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் நிற்கிறது

இதில்தான் நான் ஒரு முழு நாளை இழந்தேன். பத்து நிமிடம் நன்றாக ஓடும், பிறகு இருமி இருமி நிற்கும். சிறிது நேரம் கழித்து மறுபடி ஓடும். கார்ப்பரேட்டர்தான் என்று முடிவுகட்டிப் பிரித்து, அதற்குள் இருந்த ஊசி முனை அளவு ஸ்பிரிங்கைப் புல்தரையில் தொலைத்தேன். கடைசியில் பழுது டேங்க் மூடியில் இருந்தது. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போகவேண்டும். அதற்கான மிகச் சின்ன வழி தூசியால் அடைத்திருந்தது. டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் மேலே வராமல் நின்றுவிட்டது.

சோதிப்பது எளிது. மிஷின் நின்றதும் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு, மூடியதும் மிஷின் நன்றாக ஓடினால் அதேதான். சில மிஷின்களில் இந்தக் காற்றுவழி மூடியில் இல்லாமல் டேங்கின் மேல் தனி டியூபாக இருக்கும்.

மூடி சரியென்றால், நின்ற உடனே சூட்டோடு பிளக்கில் கரண்ட் பாருங்கள். குளிர்ந்தால் வரும், சூட்டில் வராது என்றால் காயில். ஸ்லோவில், அதாவது ஆக்சிலேட்டர் கொடுக்காதபோது, நன்றாக ஓடி, ஆக்சிலேட்டர் கொடுத்ததும் மூச்சுத் திணறி நிற்கிறது என்றால் டேங்க் ஃபில்டரையும் கார்ப்பரேட்டரில் உள்ள ரப்பர் சவ்வையும் சந்தேகிக்கலாம். அந்தச் சவ்வு மெல்லிய துணிபோல வளையவேண்டும். காய்ந்த இலைபோல மொடமொடத்தால் மாற்றவேண்டியதுதான். உங்கள் கார்ப்பரேட்டர் மாடலுக்கான கிட் வாங்கி, பிரிக்கும்போது ஒவ்வோர் அடுக்கையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, வெள்ளைத் துணி விரித்த தட்டின் மேல் வைத்துச் செய்யுங்கள். சவ்வும் கேஸ்கெட்டும் வரிசை மாறினால் மிஷின் ஓடாது.

ஓடுகிறது, ஆனால் பலமே இல்லை என்றால் சைலன்சரைப் பாருங்கள். புகை வெளியேறும் இடத்தில் ஒரு சின்னக் கம்பி வலை இருக்கும். பல மாதக் கரி அதை அடைத்துவிடும். கழற்றி, கம்பி பிரஷால் தேய்த்துப் போடுங்கள். பலர் இந்த வலை இருப்பதையே அறியாமல் இன்ஜினை மாற்றும் அளவுக்குப் போகிறார்கள்.

விட்ட பிறகும் பிளேடு ஓடுகிறதா?

ஆக்சிலேட்டரை விட்டதும் பிளேடு நிற்கவேண்டும். நிற்காவிட்டால் அந்த மிஷினால் ஒரு கிளைகூட வெட்டக் கூடாது. இன்ஜின் ஓடினாலும் பிளேடு அசையாமல் நிற்பதற்காகத்தான் நடுவில் கிளட்ச் இருக்கிறது. ஸ்லோ அதிகமாக இருந்தால் கிளட்ச் விரிந்து பிடித்துக்கொள்ளும். கார்ப்பரேட்டர் அருகில் உள்ள ஸ்லோ ஸ்க்ரூவை இடப்பக்கமாகக் கால் திருப்பு, கால் திருப்பாகக் குறையுங்கள். குறைத்த பிறகும் பிளேடு ஆடினால் கிளட்ச் ஸ்பிரிங் உடைந்திருக்கும். இதற்கு நேர் எதிரானதும் உண்டு: இன்ஜின் அலறுகிறது, பிளேடு நகரவில்லை. முதலில் குச்சி சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கிளட்ச் தேய்மானம் அல்லது கியர் பல் உடைசல்.

வெட்டாமல் மெல்லுகிறதா? முதலில் இடைவெளி, பிறகு கூர்

இலை நறுக்கென்று விழாமல் கிழிந்து, நுனி இரண்டு நாளில் பழுப்பாகக் காய்கிறது என்றால் எல்லாரும் உடனே சாணை பிடிக்கக் கிளம்புகிறார்கள். பொறுங்கள். ட்ரிம்மர் வெட்டுவது கத்தரிக்கோல் வெட்டுவதைப்போல. இரண்டு பிளேடும் ஒன்றையொன்று ஒட்டி நகரவேண்டும். நடுவில் இடைவெளி விழுந்தால் எவ்வளவு கூராக இருந்தாலும் இலை மடிந்து உள்ளே போகும்.

பிளேடின் நீளத்தில் வரிசையாகப் போல்ட்டும் நட்டும் இருக்கும். நட்டை முதலில் தளர்த்துங்கள். போல்ட்டை மெதுவாக இறுக்கி, பிளேடு அழுந்தும் இடத்தில் நிறுத்துங்கள். அங்கிருந்து கால் சுற்று முதல் அரைச் சுற்று வரை திரும்பத் தளர்த்துங்கள். போல்ட் நகராமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். எல்லாப் போல்ட்டுக்கும் ஒரே அளவு. சரியாக அமைந்தால், போல்ட்டின் கீழ் உள்ள வாஷரை விரலால் தள்ளிச் சுழற்ற முடியும். பிளேடில் ஆயில் விட்டு ஒரு நிமிடம் ஓட்டி, மிஷினை நிறுத்தி, பிளக் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கையுறையோடு தொட்டுப் பாருங்கள். எங்காவது ஓர் இடம் மட்டும் சூடாக இருந்தால் அந்தப் போல்ட் அதிகம் இறுகியிருக்கிறது.

இதற்குப் பிறகும் மெல்லுகிறது என்றால் கூர் போயிருக்கிறது. பிளேடை மண்ணெண்ணெயால் துடைத்துக் காய்ந்த பாலையும் பிசினையும் எடுங்கள். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றின் மேல் ஒன்று வராதபடி கயிற்றைச் சற்று இழுத்து நகர்த்திக்கொள்ளுங்கள். சிறிய தட்டை அரம் போதும். கோணத்தைக் கற்பனை செய்யவேண்டாம், தயாரிப்பிலேயே சரிவு இருக்கிறது. அந்தச் சரிவு முழுவதும் மார்க்கர் பேனாவால் மை பூசி, ஒரு முறை அரத்தை ஓட்டுங்கள். மை சரிவு முழுக்கச் சமமாகப் போனால் கோணம் சரி. வெட்டும் கூர் ஓரத்தில் மட்டும் போனால் அரத்தைச் சற்றுப் படுக்கவையுங்கள்.

அரத்தை வெளிப்பக்கமாக ஒரே திசையில் தள்ளவேண்டும், திரும்பி இழுக்கும்போது தூக்கிவிட வேண்டும். ஒரு பல்லுக்கு மூன்று நான்கு தள்ளல், எல்லாப் பல்லுக்கும் அதே எண்ணிக்கை. கல்லில் பட்டு ஒரு பல்லில் பள்ளம் விழுந்திருந்தால் அந்தப் பள்ளம் முழுவதும் மறையும்வரை ராவாதீர்கள், மற்றப் பற்களைவிட அது குட்டையாகிவிடும். இரண்டு பிளேடும் உரசும் தட்டைப் பக்கத்தை அரத்தால் தொடவே கூடாது. அங்கே எழும் பிசிறை மட்டும் சாணைக்கல்லைத் தட்டையாக வைத்து ஒரு முறை தடவி எடுங்கள்.

கிரைண்டர் மிஷினில் சாணை பிடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்பதே என் கருத்து. சூட்டில் பல் நீலம் பாய்ந்துவிட்டால் இரும்பின் பதம் போயிற்று. அந்தப் பிளேடு பிறகு எத்தனை முறை தீட்டினாலும் ஒரு வாரம்கூட நிற்காது.

வேலிக்குள் இருப்பதைப் பாருங்கள்

நம் ஊரில் பிளேடு உடைவதற்குப் பெரிய காரணம் முள்கம்பி. கல்தூணும் முள்கம்பியும் போட்டு, அதையொட்டிச் செடி வைக்கிறோம். ஐந்து வருடத்தில் செடி கம்பியை விழுங்கிவிடுகிறது. வெட்டும் முன் ஒரு கழியால் வேலியை விலக்கி விலக்கிப் பார்த்து, கம்பி ஓடும் உயரத்தில் ஒரு துணித்துண்டைக் கட்டிவையுங்கள். குளவிக்கூடு, பாம்பு, இலையைத் தைத்துக் கட்டிய தையல்சிட்டின் கூடு எல்லாம் அப்போதே தெரிந்துவிடும். குஞ்சு இருக்கும் கூட்டைச் சுற்றி ஒரு முழம் விட்டுவிட்டு வெட்டினால் வேலி ஒன்றும் அசிங்கமாகிவிடாது.

கட்டைவிரல் பருமனுள்ள கிளையை ட்ரிம்மரால் வெட்டாதீர்கள். அதற்குக் கைரம்பமோ செக்கேட்டரோ (கிளை நறுக்கும் கத்தரி) எடுங்கள். திருகுகள்ளி வேலி வெட்டுபவர்கள் கண்ணாடி இல்லாமல் இறங்கவே கூடாது, அதன் பால் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே கேடு. அரளியின் எல்லாப் பாகமும் விஷம். வெட்டிய தழையை ஆடுமாடு எட்டும் இடத்தில் போடாதீர்கள், எரிக்கவும் செய்யாதீர்கள், புகையும் தீங்கு.

கலவை, கிரீஸ், தூசி

2டி ஆயில் எவ்வளவு என்பதில்தான் குழப்பம் அதிகம். பெட்ரோலுக்கும் ஆயிலுக்கும் விகிதம் 50:1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. 25:1 என்றால் 40 மி.லி. உங்கள் மிஷினுக்கு எது என்பது டேங்க் மூடியிலோ கையேட்டிலோ இருக்கும். கண்ணளவில் ஊற்றாமல், மருந்து பாட்டிலோடு வரும் அளவு மூடியாவது வைத்துக்கொள்ளுங்கள். டேங்குக்குள் நேராகக் கலக்கக் கூடாது. தனிக் கேனில் பாதிப் பெட்ரோல், பிறகு ஆயில், பிறகு மீதிப் பெட்ரோல் விட்டு நன்றாகக் குலுக்கவேண்டும். இரண்டு வாரத்துக்குள் தீரும் அளவே கலக்குங்கள். நான்கு ஸ்ட்ரோக் வண்டிக்கு ஊற்றும் ஆயிலும், வண்டியிலிருந்து இறக்கிய கருப்பு ஆயிலும் இதற்கு ஆகாது.

ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சாக இருந்தால் ஒவ்வொரு நாள் வேலைக்குப் பிறகும் தட்டி, வாரம் ஒரு முறை சோப்புத் தண்ணீரில் அலசி, முழுவதும் காயவைத்து மாட்டுங்கள். சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளுக்கு நடுவே தழைத்தூள் போய் அடைத்திருக்கும். காற்று அதன் வழியேதான் இன்ஜினைக் குளிரவைக்கிறது. பழைய டூத் பிரஷ் போதும்.

கியர்பாக்ஸுக்கு 20 முதல் 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை லித்தியம் கிரீஸ். கிரீஸ் ஏற்றும் நிப்பிள் இருந்தால் கிரீஸ் கன்னால் மெதுவாக இரண்டு மூன்று அழுத்தல். திணித்து நிரப்பினால் சூடேறி வெளியே வழியும். நீலகிரியில் தேயிலை பறிக்கும் மிஷின்களும் இதேபோல முன்னும் பின்னும் ஓடும் பிளேடுகளில்தான் ஓடுகின்றன. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இருப்பவர்களுக்கு அந்த மெக்கானிக்குகளே நல்ல துணை.

கரண்ட், பேட்டரி, கைக்கத்தரி

கரண்ட் மிஷினில் பெரிய ஆபத்து தன் ஒயரைத் தானே வெட்டுவது. ஒயர் எப்போதும் தோள் மேல், முதுகுப்பக்கம் போகட்டும். வெட்டுப்பட்ட ஒயரை டேப் சுற்றி ஓட்டாதீர்கள். தோட்டத்துக்குப் போகும் இணைப்பில் மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம் வேண்டும். ஈரப் புல்லில் நின்று வெட்டுபவரின் உயிரைக் காப்பது அதுதான். மெல்லிய ஒயரை நீளமாக இழுத்தால் மோட்டாருக்கு வோல்டேஜ் குறைந்து சூடாகும். 1.5 சதுர மி.மீ. ஒயரை, சுருள் முழுவதும் பிரித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். மோட்டாரில் பொறி அதிகம் தெரிந்து வாடை வந்தால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது, இரண்டையும் ஜோடியாக மாற்றவேண்டும். அழுத்தியும் ஓடவில்லை என்றால் பதற்றம் வேண்டாம். இரண்டு கையாலும் இரண்டு ஸ்விட்சையும் சேர்த்து அழுத்தினால்தான் பல மாடல்கள் ஓடும்.

பேட்டரி மிஷின் நடுவில் நின்றால் பெரும்பாலும் சூடு. நிழலில் ஆறவிட்டு, ஆறிய பிறகே சார்ஜ் போடுங்கள். பல நாள் எடுத்து வைப்பதென்றால் பாதிச் சார்ஜில், வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

கைக்கத்தரிக்கு நடுப் போல்ட்டை ஆட்டமில்லாமல் இறுக்குவதும், சரிவுள்ள பக்கம் மட்டும் தீட்டுவதும்தான் வேலை.

எடுத்து வைக்கும்போது

ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். பிளேடை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மெல்லிய ஆயில் பூசி, உறை மாட்டுங்கள். கடற்கரையோர ஊர்களில் இதை ஒரு நாள் தவறவிட்டாலும் மறுநாள் துரு தெரியும்.

ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கப்போவதில்லை என்றால், டேங்கைக் காலி செய்து, பிரைமரை அமுக்கி மிச்சத்தையும் இறக்கி, இன்ஜினைத் தானாக நிற்கும்வரை ஸ்லோவில் ஓடவிடுங்கள். ஆறிய பிறகு பிளக்கைக் கழற்றி ஒரு ஸ்பூன் 2டி ஆயில் விட்டு, கயிற்றை இரண்டு முறை மெதுவாக இழுத்துப் பிளக்கைப் போடுங்கள். பிறகு கயிறு கனமாகும் இடம்வரை இழுத்து விட்டுவிடுங்கள். பிஸ்டன் மேலே நின்று எக்சாஸ்ட் துவாரத்தை மூடிக்கொள்ளும், மழைக்கால ஈரம் உள்ளே போகாது. மிஷினைத் தரையில் கிடத்தாமல் ஆணியில் தொங்கவிடுங்கள். பக்கத்திலேயே ஒரு டப்பாவில் ஒரு புதுப் பிளக், ஒரு டேங்க் ஃபில்டர், ஒரு முழம் பெட்ரோல் டியூப், பிளக் ஸ்பேனர், அந்தத் தட்டை அரம். எந்த மாதம் கிரீஸ் அடித்தோம் என்று டப்பா மூடியிலேயே மார்க்கரால் எழுதிவிடுவேன்.